ஆடாத ஆட்டத்தின் சொற்கள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் பணியாற்றும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகள் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தினேன். அங்கு வந்தவர்களுள் ஒரு பெண், வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுடனான தொடர்பைக் கவனிக்கும் 'மெர்ச்சண்டைசர்' பணியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். குடும்பத்தின் முதல் பட்டதாரி. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. ஒருநாள் அமெரிக்கக் கொள்முதலாளர் ஒருவரிடமிருந்து அவருக்கு மின்னஞ்சல் வந்தது. குழந்தைகளுக்கான புதிய டி-சர்ட் ரகத்துக்கு நாளைக்குள் ஒரு 'பால்பார்க் ஃபிகர்' அனுப்ப முடியுமா என்பதே அதன் சாரம்.

அவர் அகராதியைப் பார்த்தார். 'பால்' என்றால் பந்து. 'பார்க்' என்றால் பூங்கா. 'ஃபிகர்' என்றால் உருவம். குழந்தைகளின் உடைதானே? பந்து விளையாடும் பூங்கா ஒன்றின் படத்தைச் சட்டையில் அச்சிடக் கேட்கிறார்கள் என்று முடிவுசெய்தார். வடிவமைப்புப் பிரிவில் சொல்லி, மரமும் ஊஞ்சலும் பந்துமாக ஓர் அழகான படத்தை வரையச் செய்து, மறுநாள் காலையிலேயே அனுப்பிவிட்டார். கொள்முதலாளர் கேட்டது படத்தை அன்று; தோராயமான விலையை!

அந்தத் தவறால் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. இரண்டு நாள் தாமதம், அவ்வளவே. ஆனால், அந்தப் படம் அலுவலகத்தில் கைக்குக் கை மாறியது. வாராந்திரக் கூட்டத்தில் மேலாளர் அதை உயர்த்திக் காட்ட, அனைவரும் சிரித்தனர். அதன் பிறகு அந்தப் பெண் பேசுவதை நிறுத்திக்கொண்டார். துணியின் எடை, சாயத்தின் தரம் என்று தமக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகளுக்குக்கூட அருகில் இருப்பவரைப் பதில் சொல்ல விட்டுவிட்டார். "இங்கிலீஷ் எனக்கு வராதுங்க சார்" என்று என்னிடம் சொன்னார்.

அவருக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. அவர் கண்டறிந்த மூன்று சொற்களின் பொருளும் சரியானவை. இலக்கணமும் அவருக்குப் பிடிபட்டிருந்தது. அவர் அறியாதது ஆங்கிலத்தை அன்று, பேஸ்பால் என்னும் அமெரிக்க விளையாட்டை. அந்த ஆட்டம் நடைபெறும் அரங்கத்தின் பெயர் 'பால்பார்க்'. சரியான புள்ளியில் விழாவிட்டாலும் பரவாயில்லை, பந்து அரங்கத்துக்குள் விழுந்தால் போதும் என்ற நினைப்பில் பிறந்தது, தோராயக் கணக்கைக் குறிக்கும் அந்தத் தொடர்.

நம்மிடமும் உண்டு

அடுத்த வகுப்பில் நான் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையில் ஐந்து தமிழ்த் தொடர்களை எழுதினேன். 'வியாபாரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்', 'மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டார்', 'இந்த மாதக் கணக்கில் துண்டு விழுகிறது', 'அகலக்கால் வைத்துவிட்டார்', 'கையைச் சுட்டுக்கொண்டார்'. பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டவர் இவற்றைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்று கேட்டேன். தலையில் போட்ட துண்டுதான் கணக்கில் விழுந்தது என்று அவர் நினைக்கலாம். ஒன்று தோளில் போடும் துண்டு, மற்றொன்று பற்றாக்குறை. கை சுட்டவருக்கு அவர் மருந்து தேடக்கூடும். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார்.

மரபுத்தொடர் என்பது ஒரு சமூகம் தன் தொழிலிலும் விளையாட்டிலும் வழிபாட்டிலும் பழகிப் பழகிச் சுருக்கி வைத்துக்கொண்ட அனுபவம். கடனாளி, வெளியில் முகம் காட்டக் கூசித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவதை நாம் மனக்கண்ணில் காண்கிறோம். அதனால் அத்தொடர் நமக்கு விளங்குகிறது. அந்தக் காட்சியை அறியாதவருக்கு அகராதி உதவாது. ஆங்கில வணிகத் தொடர்களின் நிலையும் இதுவே. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, அவை எந்தக் களத்திலிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது எளிது, மறக்கவும் மறக்காது.

கணக்கேடும் கறவை மாடும்

முதல் களம், கணக்கேடு. இலாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் எல்லாச் செலவும் போக எஞ்சிய தொகை நிற்கும். அதுவே 'பாட்டம் லைன்'. பேச்சில் அது 'முடிவாக என்ன?' என்ற பொருளுக்கு விரிந்துவிட்டது. கணக்கின் முதல் வரியில் நிற்கும் மொத்த வருவாய் 'டாப் லைன்'. நட்டத்தைச் சிவப்பு மையிலும் இலாபத்தைக் கறுப்பு மையிலும் எழுதிய வழக்கத்திலிருந்து, 'இன் த ரெட்' என்றால் நட்டத்தில் என்றும் 'இன் த பிளாக்' என்றால் இலாபத்தில் என்றும் ஆயிற்று. இங்கே நம்மவர் தடுமாறுவது இயல்பு. நம் பேச்சில் கறுப்பு என்றதும் கறுப்புப் பணம் நினைவுக்கு வருகிறது. ஒரு நிறுவனம் 'இன் த பிளாக்' என்று படித்துவிட்டு, அது வரி ஏய்க்கிறது என்று புரிந்துகொண்ட மாணவரை எனக்குத் தெரியும். உள்ளபடி அது நல்ல செய்தி. 'குக் த புக்ஸ்' என்பதுதான் கெட்ட செய்தி. கணக்கேட்டைச் 'சமைப்பது', அதாவது பொய்க் கணக்கு எழுதுவது.

'கேஷ் கௌ' என்ற தொடரைக் கற்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1970 வாக்கில் வகுத்த ஓர் அட்டவணையால் புகழ்பெற்ற சொல் இது. ஒரு நிறுவனத்தின் தொழில்களை அந்த அட்டவணை நான்காகப் பிரிக்கிறது. அவற்றுள் வேகமாக வளராத, ஆனால் சந்தையில் பெரும்பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும் தொழிலே கறவைப் பசு. அதில் புதிதாக அதிக முதலீடு செய்யாமல், வரும் பணத்தைக் கறந்து வேறு தொழில்களுக்குத் தருவார்கள். காங்கயம் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "தீவனம் போடாம எத்தனை நாளைக்குங்க சார் கறக்க முடியும்?" என்று கேட்டார். நிர்வாகவியல் வகுப்புகளிலும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

மைதானமும் கப்பலும்

இரண்டாவது களம், விளையாட்டு. 'டச் பேஸ்' என்பதும் பேஸ்பாலிலிருந்து வந்ததே. ஓடுபவர் ஒவ்வொரு தளத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். 'அடுத்த வாரம் டச் பேஸ் செய்வோம்' என்றால், நீண்ட ஆலோசனை தேவையில்லை, சுருக்கமாகப் பேசிக்கொள்வோம் என்று பொருள். 'பால் இஸ் இன் யுவர் கோர்ட்' டென்னிசிலிருந்து வந்தது. பந்து உங்கள் பக்கம் விழுந்திருக்கிறது, அடிக்க வேண்டியவர் நீங்கள். இதில் மென்மையான ஓர் எச்சரிக்கையும் உண்டு. இனித் தாமதம் ஏற்பட்டால் பொறுப்பு உங்களுடையது. 'மூவ் த கோல்போஸ்ட்ஸ்' கால்பந்து போன்ற ஆட்டங்களுக்குரியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் இலக்குக் கம்பத்தையே நகர்த்திவிடுவது, அதாவது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை நடுவில் மாற்றுவது. மாதிரி ஒப்புதலாகித் துணி வெட்டிய பிறகு அளவை மாற்றச் சொல்லும் கொள்முதலாளரைப் பார்த்த எவருக்கும் இத்தொடர் உடனே விளங்கும்.

மூன்றாவது களம், பாய்மரக் கப்பல். எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று புதிய மாலுமி முதலில் கற்க வேண்டும். எனவே 'லேர்ன் த ரோப்ஸ்' என்றால் வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொள்வது. தமிழில் கயிறு திரிப்பது வேறு வேலை என்பதால் இத்தொடரைக் கேட்டு வகுப்பில் சிரிப்பு எழுந்தது. 'லூஸ் கேனன்', கட்டவிழ்ந்த பீரங்கி. மரக்கப்பலின் தளத்தில் கட்டு அறுந்து உருளும் பீரங்கி எதிரியைவிடத் தன் மாலுமிகளையே நசுக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோ 1874-இல் வெளிவந்த 'தொண்ணூற்று மூன்று' நாவலில் இக்காட்சியை விரிவாக எழுதியிருக்கிறார். பொறுப்பின்றிப் பேசித் தன் நிறுவனத்துக்கே சேதம் விளைவிக்கும் மனிதரை இன்று இப்படிச் சொல்கிறார்கள்.

நான்காவது, சீட்டாட்ட மேசை. போக்கர் ஆட்டத்தில் சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட வைக்கும் பொருளை அடுத்தவரிடம் தள்ளுவது 'பாஸ் த பக்'. நாம் தட்டிக்கழித்தல் என்கிறோம். இதைத் திருப்பிப்போட்டு, பொறுப்பு இதற்கு மேல் யாரிடமும் போகாது என்ற பொருள் தரும் வாசகத்தைத் தம் மேசைமீது வைத்திருந்தவர் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன். அதிக மதிப்புள்ள நீல நிற வில்லைகளிலிருந்து, நம்பகமான பெருநிறுவனப் பங்குகளுக்கு 'புளூ சிப்' என்ற பெயர் வந்தது.

சில தொடர்கள் நம்மிடம் மொழிபெயர்ந்தே வந்துவிட்டன. பிரிட்டிஷ் அலுவலகங்களில் ஆவணக் கட்டுகளைச் சிவந்த நாடாவால் கட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கார்லைல், டிக்கன்ஸ் போன்ற எழுத்தாளர்கள் அதைக் கேலிப்பொருளாக்கினர். அந்த நாடா கோப்புகளோடு நம் அலுவலகங்களுக்கும் வந்தது. இன்று 'சிவப்பு நாடா' என்று எழுதும்போது அது பிறமொழித் தொடர் என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

ஒரே சொல், எதிர்ப்பொருள்

களம் தெரிந்தாலும் ஏமாற்றும் சொற்கள் உண்டு. அவற்றுள் தலையாயது 'டேபிள்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு பொருளை 'டேபிள்' செய்வது என்றால், விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள மேசைமீது வைப்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு, விவாதத்தை ஒத்திப்போடுவது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தரப்பு ஓர் அறிக்கையை அவசரமாக விவாதிக்க விரும்பி 'டேபிள்' செய்யச் சொன்னதையும், அமெரிக்கத் தரப்பு அதைக் கிடப்பில் போடுவதாகப் புரிந்துகொண்டு மறுத்ததையும், இரு தரப்பும் ஒரே விருப்பத்தோடு நெடுநேரம் வாதிட்டதையும் வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் நினைவு நூலில் பதிவுசெய்திருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இரு நாட்டுத் தளபதிகளுக்கே இந்த நிலை!

நாம் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுபவர்கள். மசோதா 'டேபிள்' செய்யப்பட்டது என்று நம் ஆங்கில நாளிதழ்கள் எழுதினால், அது அவையில் வைக்கப்பட்டது என்று பொருள். ஆனால், விலை உயர்வுக் கோரிக்கையை 'டேபிள்' செய்வோம் என்று அமெரிக்கக் கொள்முதலாளர் எழுதினால், புள்ளிவிவரங்களைத் தயாரித்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. அவர் அந்தப் பேச்சை மூடி வைத்துவிட்டார்.

சொல் அதே பொருளில் இருந்தும் தொனி மாறும் இடங்களும் உண்டு. 'உங்கள்மீது முழு மரியாதையுடன் சொல்கிறேன்' என்று ஓர் ஆங்கிலேயர் தொடங்கினால், அடுத்து வருவது பெரும்பாலும் மறுப்பு. 'நீங்கள் சொல்வதை மனத்தில் வைத்துக்கொள்கிறேன்' என்பது பல நேரங்களில் வாக்குறுதி அன்று, கண்ணியமான விடைகொடுத்தல். 'பார்க்கலாம்' என்ற ஒரே சொல்லில் ஏற்பையும் மறுப்பையும் சொல்லத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. நாமும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டத்தை முன்கூட்டி வைப்பதற்கு நாம் பயன்படுத்தும் 'பிரீபோன்', வெளியூர் சென்றிருப்பதைச் சொல்லும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' ஆகியவை இங்கே நன்றாகச் செல்லுபடியாகும் நாணயங்கள். ஆனால் மான்செஸ்டரிலோ சிகாகோவிலோ இருப்பவர் அவற்றைப் படித்துத் திகைக்கக்கூடும். திகைப்பு இரு பக்கமும் உண்டு; வெட்கம் மட்டும் நம் பக்கத்தில் இருக்கிறது.

சொல்லுக்குள் இருக்கும் காயம்

சில தொடர்களின் பிறப்பிடத்தைத் தேடிப் போனால் மனம் கனக்கும். நாள்தோறும் நாம் சொல்லும் 'டெட்லைன்' அவற்றுள் ஒன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உட்புறமாக ஓர் எல்லை இருந்தது. அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அந்த எல்லையின் பெயர்தான் 'டெட் லைன்'. பின்னர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அச்சொல் காலக்கெடுவைக் குறிக்கத் தொடங்கியது.

'சோல்ட் டௌன் த ரிவர்' என்றால் நம்பியவரால் காட்டிக்கொடுக்கப்படுவது. அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்த கொடிய பருத்தித் தோட்டங்களுக்கு மனிதர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து விற்றதன் நினைவு அது. பழைய வாடிக்கையாளருக்குப் புதிய விதியிலிருந்து விலக்குத் தருவதை 'கிராண்ட்ஃபாதர்' என்று சொல்கிறார்கள். கேட்பதற்குப் பாசமான சொல். ஆனால், அது தென் மாநிலங்கள் சில இயற்றிய வாக்குரிமைச் சட்டங்களிலிருந்து வந்தது. அடிமை முறை ஒழிந்து கறுப்பினத்தவர் வாக்குரிமை பெறுவதற்கு முன்பே யாருடைய பாட்டனார் வாக்காளராக இருந்தாரோ, அவருக்கு எழுத்தறிவுத் தேர்விலிருந்து விலக்கு. கறுப்பினத்தவரின் பாட்டனார் அடிமையாக இருந்தார். எனவே பேரனுக்கு விலக்கு இல்லை. அந்தச் சூழ்ச்சியை 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் போனது, சொல் நின்றுவிட்டது.

இதை வேறொரு நாட்டின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. எல்லாராலும் ஒதுக்கப்பட்ட நிறுவனத்தையோ நாட்டையோ ஆங்கில வணிக ஏடுகள் 'பரையா' என்று எழுதுகின்றன. அது தமிழ்ச் சொல். பறையடித்த ஒரு சமூகத்தின் பெயர், சில நூற்றாண்டுகளுக்கு முன்பு ஆங்கிலத்துக்குள் சென்று, ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுச்சொல்லாகிவிட்டது. இதை வகுப்பில் விளக்கியபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஒரு தொடரின் வேரை அறிவது நினைவில் நிறுத்திக்கொள்ள மட்டும் அன்று. எதைச் சொல்லாமல் விடலாம் என்று தீர்மானிக்கவும்தான். மேற்சொன்னவற்றுள் 'டெட்லைன்' இல்லாமல் அலுவலகம் நடக்காது. அதன் காயம் ஆறிவிட்டது எனலாம். மற்ற மூன்றையும் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் பயன்படுத்தாதீர்கள் என்றே மாணவர்களிடம் சொன்னேன்.

கேட்பது குறையல்ல

கற்பவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. புரியாத தொடரைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது எந்தக் களத்துச் சொல்? சொல்பவர் அட்லாண்டிக்கின் எந்தக் கரையைச் சேர்ந்தவர்? மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் சொல்கிறாரா, சமமானவர்கள் பேசிக்கொள்கிறார்களா? இவற்றுக்கும் விடை கிடைக்காவிட்டால், சொன்னவரிடமே நேராகக் கேட்டுவிடலாம். 'நீங்கள் கேட்பது தோராய விலையா, இறுதி விலையா?' என்று எழுத மரபுத்தொடர் எதுவும் தேவையில்லை. இந்த வினாவைப் படிக்கும் எவரும் எழுதியவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எண்ணமாட்டார். கவனமாக வேலைசெய்பவர் என்றே எண்ணுவார். இரண்டு விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு டி-சர்ட்டுக்குச் சில காசுகளே என்றாலும், ஐம்பதாயிரம் டி-சர்ட்டுகளுக்கு அது பெருந்தொகை. பயன்படுத்துவதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஒரு தொடரைப் பிறர் வாயால் பலமுறை கேட்ட பிறகு நாம் சொல்லத் தொடங்கினால் போதும்.

கற்பவரின் கடமை இத்துடன் முடிகிறது. அலுவலகத்தின் கடமை இங்கே தொடங்குகிறது. நேர்முகத் தேர்வுகளிலும் பதவி உயர்வுகளிலும் சரளமான தொடர்களை அறிவின் அடையாளமாக எடைபோடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் புழங்கிய பிள்ளைகள், தொலைக்காட்சியில் பேஸ்பாலையும் போக்கரையும் பார்த்து வளர்ந்தவர்கள், இந்தச் சொற்களைக் கற்காமலேயே பெற்றுவிடுகிறார்கள். தறிக்கூடத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்தவர் அதே சொல்லைத் தவறவிட்டால், அது திறமைக் குறைவாகப் பதிவாகிறது. தன் நிறுவனத்துக்கு வரும் மின்னஞ்சல்களில் அடிக்கடி புழங்கும் முப்பது தொடர்களைப் பொருளுடன் ஒரு தாளில் எழுதிப் புதியவரிடம் தருவதற்கு ஒரு பிற்பகல் போதும். பிழை செய்தவரின் படத்தைக் கூட்டத்தில் உயர்த்திக் காட்ட ஆன நேரத்தைவிடச் சற்றே அதிகம், பயனோ பன்மடங்கு.

அந்தப் பெண் மீண்டும் பேசத் தொடங்கச் சில மாதங்கள் ஆயின. ஒரு காணொலிக் கூட்டத்தில் பிரிட்டிஷ் கொள்முதலாளர் ஒருவர் கிரிக்கெட்டோடு தொடர்புடைய ஏதோ ஒரு தொடரைச் சொல்ல, இவர் குறுக்கிட்டு, "அதை எளிய சொற்களில் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். மறுமுனையில் சிறிய அமைதி. பிறகு அவர் எளிய சொற்களில் சொன்னாராம். அப்போதுதான் தெரிந்ததாம், அருகில் அமர்ந்திருந்த மேலாளருக்கும் அதுவரை அது புரிந்திருக்கவில்லை என்பது.